தில்லையில் மயனுக்கு என்ன வேலை?

சிதம்பரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த யாரைக் கேட்டாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். நடராஜரின் கால் கட்டைவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்த மையம். பொற்கூரையில் 21,600 ஓடு, 72,000 ஆணி. முதலாவது நாம் ஒரு நாளில் விடும் மூச்சு, இரண்டாவது உடம்பில் ஓடும் நாடி. காளஹஸ்தி, காஞ்சி, தில்லை மூன்றும் ஒரே தீர்க்கரேகை. சில வருடங்களாக நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கட்டியவன் மயன். அவனே கடல் கடந்து போய் மெக்சிகோவிலும் கட்டினான். அதனால்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு மாயன்கள் என்று பேர்.

நூலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், படத்துக்கு எழுதுகிறோம். தினமும் எத்தனையோ பேர் காசு கொடுத்துக் கேட்கும் வழிகாட்டி உரையை யாரும் மதிப்புரைக்கு எடுத்து நான் பார்த்ததில்லை. அதுவும் ஒரு பிரதிதான். அதற்கும் நடை உண்டு, அமைப்பு உண்டு, எதைச் சொல்வது எதை விடுவது என்கிற தேர்வு உண்டு. கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதைத்தான், கோயிலை அல்ல. அப்படி ஒரு உரையை இந்தப் பதிவில் எடுத்துக்கொள்கிறேன்.

கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு நாள் முழுக்க எங்களோடு வந்தவர் கடலூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எந்த அலுவலகத்தையும் சேர்ந்தவர் இல்லை, கோயிலையும் சேர்ந்தவர் இல்லை. வேன்காரர்கள் கூப்பிட்டால் வருவார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு உரை. காலையில் சொன்னது ஒரு ரகம், மதியத்துக்கு மேல் சொன்னது வேறு ரகம். அந்த வித்தியாசம்தான் என்னை எழுத வைத்தது.

காலையில் தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு இங்கே ஒரு கோட்டை இருந்தது தெரியாது. தெரிந்தவர்களும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பார்கள். உண்மையும் அதுதான். கெடிலக் கரையோரம் மேடு, புதர், செங்கல் சுவரின் மிச்சம். பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடலாம். அண்ணன் எங்களை அங்கே முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்.

முதலில் அவர் கோட்டையைக் காட்டவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். கையை நீட்டி மேற்கே ஒரு வீச்சு, வடக்கே ஒரு வீச்சு, தெற்கே ஒரு வீச்சு. "சார், இங்க நின்னு பீரங்கி வச்சாங்க. குண்டு எதுவரைக்கும் போய் விழுதோ அதுவரைக்கும் கம்பெனிக்காரனுக்கு. எங்க பாட்டி ஊரு குண்டுக்குள்ள வந்துருச்சு. பக்கத்து ஊரு தப்பிச்சிருச்சு."

கேட்பதற்குக் கட்டுக்கதை மாதிரி இருக்கிறது இல்லையா? இது அப்படியே நடந்தது. 1690இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி இந்தக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையோடு பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர்களும் சேர்த்தி என்பது விற்பனை நிபந்தனை. பல திசையிலும் சுட்டுப் பார்த்து எல்லை வகுத்தார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் நிலைத்தது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்தவர். அக்கா மகளுக்கு வயது பதினான்கு, அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இதைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

அப்புறம் அண்ணன் மிச்சத்தைச் சுருக்கமாக முடித்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் இந்த இடம்தான், 1752 வரைக்கும். கிளைவ் இங்கே அதிகாரியாக இருந்திருக்கிறார். 1758இல் லாலி வந்து பிடித்து, தகர்த்துவிட்டுப் போனார். அந்த மேட்டைச் செருப்புக்காலால் தட்டி அண்ணன் கேட்டார்: "இடிஞ்ச கோட்டையில செங்கல் சும்மா கெடக்குமா சார்? வீடு கட்டுறவன் விடுவானா?" ஆதாரம் எதுவும் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார். ஆனால் இடிபாடு என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன வகுப்பு எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. இந்த வட்டாரத்தில் அதற்குப் பெரிய சான்றே இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து தென்மேற்கே கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரனின் தலைநகர். அந்தக் கோயிலின் வெளி மதில் கற்கள் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப் போய்ச் சேர்ந்தன. படையெடுப்பில் அழிந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஒரு பகுதி அழிவு நம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறது.

இந்தக் காலை உரையின் பலம் எது? அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே நீட்டிக் காட்ட ஏதோ ஒன்று இருந்தது. கை நீளும் திசை, காலடிச் செங்கல், பாட்டி ஊர். பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்தில் எங்களைப் பார்க்க வைத்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டுச் சிதம்பரம் போனோம். இங்கே எதை எடுத்தாலும் கண்ணை நிறைக்கிறது. நாற்பது ஏக்கர், நாலு பக்கமும் ஏழுநிலைக் கோபுரம். ஆனால் கிழக்குக் கோபுர வாசலில் நுழைந்ததிலிருந்து அண்ணனின் குரலே மாறிவிட்டது. எழுதி மனப்பாடம் செய்த குரல். "எட்டு வருஷம் வெளிநாட்டு விஞ்ஞானிங்க ஆராய்ச்சி பண்ணி..." என்று தொடங்கினார். எந்த விஞ்ஞானி, எந்த நாடு என்று கேட்டால் அந்த உரை தாங்காது. நான் கேட்கவில்லை. நின்று கேட்டேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

காந்த மையம். பூமிக்கு காந்த நிலநடுக்கோடு உண்டு. மையப்புள்ளி என்று அதன்மேல் எதுவும் கிடையாது. உலகைச் சுற்றி வரும் கோட்டுக்கு ஏது நடு? அந்தக் கோடு இந்தியாவில் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் வைத்ததற்கு முக்கியக் காரணமே அது. 1963 நவம்பர் 21இல் அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. சிதம்பரம் தும்பாவைவிட ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இது போதும்.

தீர்க்கரேகை. இதில் அவர் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். காளஹஸ்தி, காஞ்சி ஏகாம்பரநாதர், தில்லை மூன்றும் 79 பாகை 41 கலையில்தான் விழுகின்றன. வடக்கே தெற்கே 260 கிலோமீட்டர் நீளும் கோட்டில் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டர்கூட விலகல் இல்லை. ஆச்சரியமானதுதான். ஆனால் பஞ்சபூதத் தலம் ஐந்து. திருவண்ணாமலை அந்தக் கோட்டுக்கு மேற்கே எழுபது கிலோமீட்டர் பக்கம் தள்ளி நிற்கிறது. திருவானைக்காவல் நூறுக்கும் மேலே. ஐந்தில் மூன்று பொருந்தியதைச் சொல்லி, பொருந்தாத இரண்டை வாயில் போட்டுக்கொள்வது கணக்கு ஆகாது. தெருவுக்கொரு கோயில் உள்ள நாட்டில் எந்தக் கோட்டைக் கிழித்தாலும் அதன்மேல் நாலு கோபுரம் நிற்கும்.

21,600. இதைப் பற்றித்தான் எனக்கு வருத்தம் அதிகம். நிமிடத்துக்கு 15 மூச்சு, மணிக்கு 900, நாளுக்கு 21,600. யோக நூல்களில் உள்ள பழைய கணக்கு இது. கோயிலை உடம்பாகவும் சிற்றம்பலத்தை இதயமாகவும் வைத்து தியானிப்பது சைவ மரபில் ஆழமான ஒரு உருவகம். ஓட்டை எண்ணிப் பார்த்து 21,600 வந்தது என்பதல்ல அதன் பொருள். இந்தக் கூரையின் கீழ் நிற்கும்போது உன் மூச்சை நினை என்பது பொருள். அண்ணனின் உரை இதை அப்படியே எடுத்து மருத்துவப் பரிசோதனை முடிவு மாதிரி ஒப்பிக்கிறது. அறிவியலுக்கும் அது உதவவில்லை, பக்திக்கும் உதவவில்லை. கவிதையைச் சர்வே அறிக்கையாக வாசிப்பது போல.

அக்கா மகள் இங்கேதான் வாயைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் விடுமுறைக்கு மெக்சிகோ போயிருந்தார்கள். சீச்சென் இட்சா பார்த்திருக்கிறாள். "மாமா, அங்கயும் ஒரு நம்பர் சொன்னாங்க. ஆனா எண்ணிப் பாக்கச் சொன்னாங்க" என்றாள். அங்குள்ள பெரிய பிரமிடுக்கு ஒவ்வொரு பக்கமும் 91 படி. நாலு பக்கம் 364. உச்சியில் கோயிலுக்கு ஏறும் ஒன்று. ஆக 365, ஒரு வருடம். (நாலு பக்கமும் இன்றைக்கு முழுதாக இல்லை, சீரமைத்த பக்கங்களை வைத்துத்தான் எண்ண முடியும். அது வேறு கதை.) அவர்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டி படிகளின் எதிரே நின்று கையைத் தட்டச் சொல்லியிருக்கிறார். எதிரொலி பறவை கீச்சிடுவது போலத் திரும்பி வந்ததாம். அந்த ஒலி பிரபலமானது, ஒலியியல்காரர்கள் ஆராய்ந்தும் இருக்கிறார்கள். கட்டியவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களா என்பதுதான் விவாதம்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்கு முக்கியமாகப் பட்டது. கூட்டத்தில் யாரோ, மாயன்கள் எப்படி மறைந்துபோனார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஆள் சிரித்துவிட்டு, நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று சொல்லி, ஹுன், கா, ஓஷ் என்று தன் பாட்டி மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் காட்டினாராம். நான் மெக்சிகோ போனதில்லை. ஆனால் யுகாட்டன் பகுதியில் மாயா மொழி பேசுபவர்கள் பல லட்சம் பேர் இன்றும் இருக்கிறார்கள் என்பது படித்துத் தெரிந்தது. காலையில் எங்கள் அண்ணன் பாட்டி ஊரைக் காட்டினாரே, அந்த ரகம்.

மெக்சிகோ என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அண்ணன் மயனுக்கு வந்துவிட்டார்.

இந்தக் கருத்துக்கு நம்மூரில் கௌரவமான ஒரு முகவரி இருக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதி, தமிழ் மரபின் மயனையும் மாயா நாகரிகத்தையும் இணைத்துப் பேசியவர். அங்கே நேரில் போய்ப் பார்த்தவரும்கூட. உளி பிடித்த கை கல்லைப் பார்ப்பதற்கும் நாம் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அளவு முறை பற்றி அவர் சொன்னதைச் சிரித்துத் தள்ள நான் தயாரில்லை. ஆனால் அளவில் தோன்றும் ஒற்றுமை ஒன்று, ஆள் போனார் என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவ ஒரு கப்பலாவது வேண்டும்.

காலக்கணக்கைப் பாருங்கள். திக்கல் நகரத்தில் ஜாகுவார் கோயில் என்று சொல்கிற உயரமான பிரமிடு கி.பி. 8ஆம் நூற்றாண்டு. தில்லையில் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் கல் கோபுரங்கள் 12, 13ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கியவை. வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயர் கல்வெட்டும் சிலையுமே இருக்கின்றன, அது 16ஆம் நூற்றாண்டு. இந்தக் கோபுரத்தைக் கட்டியவன் போய் அந்தப் பிரமிடைக் கட்டினான் என்றால் பேரன் தாத்தாவுக்குப் பேர் வைத்த கதைதான். பெயர் ஒற்றுமையும் நிற்காது. அந்த நகரத்து மக்கள் தங்கள் எல்லோரையும் சேர்த்து மாயா என்று சொல்லிக்கொண்டதில்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் தனிப்பேர், தனி அரசன். திக்கல் அவர்கள் எழுத்தில் முட்டல். பலேங்கே என்கிற ஊர் லக்கம்ஹா. மாயா என்பது யுகாட்டன் பகுதிப் பெயர், பிற்காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒட்டியது.

அவர்கள் எழுத்து என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

1562இல் மானி என்ற ஊரில் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயா நூல்களைக் குவித்து எரித்தார். பழைய மடிப்பு நூல்களில் இன்று எஞ்சியவை நாலே நாலு. எழுத்து படிக்கத் தெரிந்தவர் மரபே அறுந்தது. கல்லெல்லாம் எழுத்து, படிக்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில் என்ன ஆனது? பெரிய பெரிய அறிஞர்களே வழிகாட்டி உரை எழுத ஆரம்பித்தார்கள். எரிக் தாம்சன் என்ற மகா பண்டிதர், அந்தக் கல்வெட்டுகளில் நாள்கணக்கும் வானநூலும் தவிர வரலாறு இல்லை, அவர்கள் நட்சத்திரம் பார்த்து அமைதியாக வாழ்ந்த பூசாரிகள் என்று நம்பினார், நம்ப வைத்தார். 1952இல் லெனின்கிராடில் யூரி க்னோரோசோவ் அந்த எழுத்தில் ஒலிக்குறிகள் உண்டு என்று காட்டினார்; அதற்குத் திறவுகோலாக இருந்தது, புத்தகங்களை எரித்த அதே லாந்தா எழுதிவைத்த குறிப்பு. 1960இல் தத்தியானா புரோஸ்கூரியாக்கோஃப் கல்வெட்டுத் தேதிகள் அரசர்களின் பிறப்பு, பட்டமேற்பு, போர் என்று நிறுவினார். நட்சத்திரப் பூசாரிகள் காணாமல் போனார்கள். மனிதர்கள் வந்தார்கள்: அப்பன், மகன், எதிரி, சிறைபிடித்தவன், சிறைப்பட்டவன்.

இப்போது தில்லைக்குத் திரும்புங்கள். இங்கே யாரும் எழுத்தை எரிக்கவில்லை. சோழர் காலத் தமிழ் எழுத்தைச் சில மாதம் பழகினால் படிக்கலாம். பல கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்டு நூறு வருடம் ஆகிறது. மாயா நிலத்தில் நாலு நூற்றாண்டு தவமிருந்து கிடைத்தது நமக்குச் சுவரிலேயே இருக்கிறது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் அண்ணன் காந்த மையம் சொன்னார். என் விமர்சனத்தின் சாரம் இவ்வளவுதான்: அவர் பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை, எந்த ஊர்க் கோயிலில் நின்றும் சொல்லக்கூடியதை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியதைச் சொன்னார்.

அவர் சொல்லாமல் விட்டதில் சிலவற்றைப் பாருங்கள். நாங்கள் நுழைந்த கோபுர வாசலின் இரண்டு பக்கத் தூண்களிலும் வரிசையாக நாட்டியக் கரணங்கள், 108. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பங்களோடு பரதரின் நாட்டிய சாஸ்திரச் சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். படமும் விளக்கமும் பக்கத்தில் பக்கத்தில், கல்லில் செய்த பாடப்புத்தகம். 20ஆம் நூற்றாண்டில் நாட்டிய சாஸ்திரத்தை அச்சில் பதிப்பித்தவர்களே இந்தச் சிற்பங்களின் உதவியை நாடினார்கள். ஆடல்வல்லான் கோயிலில் ஆடலைப் பற்றிய இந்தப் பகுதியை வினாடிக்கு ஒரு கரணம் வீதம் கடந்து போனோம். அப்போது உரையில் ஓடிக்கொண்டிருந்தது ஜெனீவா ஆராய்ச்சிக்கூடத்து நடராஜர் சிலை. அது இந்திய அரசு 2004இல் கொடுத்த பரிசு. நம் அரசு கொடுத்ததை நமக்கே சான்றிதழாகக் காட்டுகிறார்கள்!

இன்னொன்று. நரலோகவீரன் என்ற மணவிற் கூத்தன். முதலாம் குலோத்துங்கனிடம் இருந்த தளபதி. தில்லையில் இவன் செய்த பணிகளைப் பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கால் மண்டபம், தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதி வைத்தது, சாமி கடலாடப் போவதற்குச் சாலை, கடற்கரையில் மண்டபம். ஓலைச்சுவடிகள் செல்லரித்துக் கிடந்த அறையைத் திறந்த கதையை எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள், அண்ணனும் சொன்னார். ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்து செம்பில் எழுதியவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே தேவாரத்தைச் சிற்றம்பல மேடையில் பாடுவதற்காகச் சிவனடியார் ஆறுமுகசாமி நடத்திய போராட்டமும் 2008இல் வந்த அரசாணையும் நம் கண்ணெதிரே நடந்தவை. அதற்கும் உரையில் இடம் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தியது என்றால் கதை, பத்து இருபது வருடத்துக்கு முந்தியது என்றால் தகராறு.

நந்தனார் இடத்தில்தான் உரை தடுமாறியது. அண்ணன் நன்றாகவே கதை சொன்னார். கொடுமைக்கார நிலக்கிழார், ஒரே இரவில் முடிந்துபோன வயல் வேலை, கடைசியில் தீ. எல்லாவற்றையும் தலவரலாறு என்றே சொன்னார். அந்த நிலக்கிழார் பெரியபுராணத்தில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரக் கீர்த்தனைக்காகப் படைத்த பாத்திரம். சேக்கிழாரிடம் தடையாக நிற்பது ஒரு தனிமனிதனின் கொடுமை அல்ல, குலம். அதை நந்தனாரே நினைத்து நினைத்து, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று தள்ளிப்போடுகிறார். இந்த இரண்டு கதைக்கும் நடுவில் இருக்கிறது நம் சமூகத்தின் எழுநூறு வருடம். அக்கா மகள் கேட்டாள்: "அவர் ஏன் நெருப்புக்குள்ள போய்ட்டு வரணும்? மத்தவங்க போனாங்களா?" அண்ணன் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். "அது வந்து பாப்பா..." என்று இழுத்தார். பிறகு, "வாங்க, ஆயிரங்கால் மண்டபம் பாத்துரலாம்" என்று நடந்தார். அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் அதுதான் கோயிலைப் பார்த்துக் கேட்ட கேள்வி. மனப்பாட உரையில் அதற்குப் பதில் இல்லை. குண்டுக்குள் வந்த பாட்டி ஊரைச் சொன்ன மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஏன் இப்படி ஆகிறது? டீ குடிக்கும்போது அவரிடமே கேட்டேன். கீழவீதியில் ஒரு கடை. "அண்ணே, காலையில அவ்வளவு அழகா சொன்னீங்க. இங்க ஏன் யூடியூப் மாதிரி பேசுறீங்க?" கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, கோட்டைக்கு வர்றவன் பத்துல ஒருத்தன். அவனுக்கு நான் சொல்றதுதான். இங்க வர்றவன் வீடியோ பாத்துட்டு வர்றான். காந்த மையம் எங்கன்னு அவனே கேக்குறான். இல்லன்னு சொன்னா, இவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு வேற ஆளைக் கூப்பிடுவான். எம் பொழப்பு?"

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. மயனும் காந்த மையமும் அவர் கண்டுபிடித்தவை அல்ல; கேட்பவர்கள் கையில் கொண்டுவருபவை. நம் முன்னோர் பெரிய ஆட்கள் என்று யாராவது சொல்ல வேண்டும் நமக்கு, அதுவும் வெளிநாட்டுக்காரன் வாயால். அந்தப் பசிக்குத் தீனி போடுகிறார்கள். ஆனால் அந்தப் பசிக்கே கல்வெட்டில் நல்ல சோறு இருக்கிறது என்பதுதான் என் வாதம். கடல் கடந்த தொடர்பு வேண்டுமா? மெக்சிகோ வரை போகவேண்டாம். இதே கோயிலில் 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. முதலாம் குலோத்துங்கனின் 44ஆம் ஆட்சியாண்டு. காம்போஜ நாட்டு அரசன் அவனுக்கு அதிசயமாகக் காட்டிய ஒரு கல்லை, அரசன் ஆணைப்படி சிற்றம்பலத்துக்கு எதிரே உள்ள மண்டபத்தின் கல்வரிசையில் வைத்ததாகச் சொல்கிறது. காம்போஜம் என்பது கெமர்கள் ஆண்ட இன்றைய கம்போடியாதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அங்கோர்வாட்டை எழுப்பிய இரண்டாம் சூரியவர்மன் அப்போதுதான் பட்டத்துக்கு வந்திருந்தான். அதே கல்வெட்டு, குலோத்துங்கனின் தங்கை குந்தவை இந்தக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததையும் சொல்கிறது. பொன்னியின் செல்வன் குந்தவை இல்லை. அவளுக்கு ரொம்பப் பின்னால் வந்த வேறு குந்தவை.

ஒரு கல் கப்பலேறி வந்திருக்கிறது. ஒரு பெண் கூரைக்குப் பொன் போட்டிருக்கிறாள். ஆண்டு இருக்கிறது, பேர் இருக்கிறது, சுவரில் எழுத்து இருக்கிறது.

இதை அண்ணனிடம் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "கம்போடியாக் கல்லா? நம்ம கோயில்லயா? எங்க வச்சாங்கன்னு போட்டிருக்குது?" எதிரே உள்ள மண்டபத்து வரிசையில் என்றுதான் கல்வெட்டு சொல்கிறது, எத்தனையோ திருப்பணி நடந்துவிட்ட இடம் என்றேன். "இருக்கட்டும். எழுத்தைக் காட்டுவேன்ல" என்றார். கார் நிறுத்திய ரசீதை எடுத்து, பின்பக்கத்தில் ஆண்டை எழுதித் தரச் சொன்னார். 1114 என்று எழுதினேன். கீழே குலோத்துங்கன். "தங்கச்சி பேரு என்னன்னு சொன்னீங்க?" குந்தவை என்றேன். "ஜனங்களுக்குத் தெரிஞ்ச பேரு. நிக்கும்" என்று சொல்லி, ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.